கிளிநொச்சியில் ஒரு பூக்கடை: மாலைக்கு முழுப் புள்ளி, ரோசாவுக்குப் பாதி

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். கிளிநொச்சி டவுனுக்குள் ஏ9 வீதியோரம் இருக்கிற இந்தச் சின்னப் பூக்கடையில் மாலைக்கு ஓடர் கொடுக்கலாம், யோசிக்காமல் கொடுக்கலாம். மணவறைச் சோடினை பரவாயில்லை. ரோசாப் பொக்கே என்றால் இரண்டு தரம் யோசியுங்கள், அதுவும் பெப்ரவரி 14ஐ ஒட்டி என்றால் மூன்றாம் தரமும் யோசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கீழே சம்பளக் கணக்கெல்லாம் கதைக்கப் போகிறேன், கடைக்கார அக்காவும் "எழுதுறதை எழுது தங்கச்சி, பேரை மட்டும் போடாதை" என்று சொல்லிவிட்டார். டவுனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வாங்கினது என்ன என்றால், தம்பியின் கல்யாணத்துக்கு ஒரு சோடி மாலை, மணவறைக்குப் பூ, காருக்குக் கொஞ்சம், இரவு வரவேற்புக்குப் பொம்பிளை கையில் பிடிக்க ஒரு ரோசாப் பொக்கே, மேசைகளுக்குக் குட்டிக் குட்டிச் சாடிகள். மாலைச் சோடி மட்டும் 18,000 ரூபாய். கூடத்தான். சந்தைப் பக்கம் இன்னொரு கடையில் இதே நீளத்துக்கு 12,000 சொன்னார்கள். ஆனால் அந்தக் கடை மாலையை ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்: நைலோன் நூல், உள்ளே பாதி இடம் பஞ்சு, மேலே தங்கத்தாள் சரிகை, தாலி ஏற முதலே பூ உதிர்ந்து ஐயரின் தட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. இங்கே வாழைநாரில் கையால் முடிச்சுப் போட்டுக் கட்டின மாலை. மல்லிகை மொட்டு, நந்தியாவட்டை, இடையிடையே சிவப்பு அலரி, அடியில் துளசி. சரிகை கிடையாது, கேட்டாலும் போடமாட்டார்கள் போலத்தான் இருந்தது. முகூர்த்தம், மத்தியானச் சாப்பாடு, படம் எடுக்கிற தம்பிமார் இரண்டு பேரையும் வெயிலில் நிற்பாட்டி வைத்துச் செய்த கூத்து எல்லாம் தாண்டி, பின்னேரம் கழற்றும்போதும் மாலை மாலையாகவே இருந்தது. சோளகக் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில், வன்னி வெயிலில், இது சின்ன விஷயமில்லை.

விலை ஏன் கூட என்று கேட்கப் போய்த்தான் மிச்சக் கதை எல்லாம் வந்தது. கேட்டது நானில்லை, கல்யாணத்துக்கு சுவிஸிலிருந்து வந்து நின்ற மாமி. மாமி பேர்ணில் இருக்கிறார். அங்கே கூப், மிக்ரோ கடைகளில் ரோசா எடுத்தால் உறையில் மக்ஸ் ஹவ்லார் என்ற நியாய வணிக முத்திரை, அதாவது வேலை செய்தவர்களை ஏமாற்றாமல் வந்த பூ என்பதற்கான அடையாளம், இருக்கும், அது இல்லாத ரோசாவை மாமி வாங்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ரோசாக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில மக்ஸ் ஹவ்லார் இல்லையோ?" என்று கேட்டார். கடைக்கார அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "அந்த இனம் இந்தக் கிழமை வரேல்லை அன்ரி, மஞ்சள் ஜெர்பரா இருக்கு பாருங்கோ" என்றார்.

எல்லாரும் சிரித்து முடிந்த பிறகு மாமி வாங்கில் இருந்து விளங்கப்படுத்தினார், அக்காவும் விடாமல் கேள்வி கேட்டார். எனக்கும் இது புதுசு, வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் ஊர்க் கடைக்கு எதை வைத்துப் புள்ளி போடுவது என்று எனக்குப் பிடிபட்டது.

நியாய வணிக முத்திரை பூவுக்கு வந்தது 2001இல், முதன்முதலில் சுவிஸில்தான். ஐரோப்பாக் கடைகளில் விற்கிற ரோசாவில் பெரும் பங்கு கென்யா, எத்தியோப்பியா மாதிரி இடங்களில் பொலித்தீன் கூடாரங்களுக்குள் வளர்கிறது. கென்யாவில் நைவாஷா ஏரியைச் சுற்றித்தான் பெரிய தோட்டங்கள். வேலை செய்கிறவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள். வெட்டின பூவைக் குளிரறையில் வைத்து விமானத்தில் ஏற்றினால், அதில் ஒரு பெரும் பகுதி நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஏலத்துக்குப் போகும். அங்கே ஏலம் எங்கள் மீன் ஏலம் மாதிரிக் கீழிருந்து மேலே ஏறுவதில்லை. கூடின விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அமத்துகிறவருக்குப் பூ. சில விநாடிகளில் முடிகிற அந்த வியாபாரத்தில், வெட்டின பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் முத்திரை.

அது செய்கிற முக்கியமான வேலை, பூ விலைக்கு மேலே இன்னொரு 10 வீதம் தனியாகக் கட்டப்பட வேண்டும் என்பது. அந்தக் காசு முதலாளியிடம் போகாது. தொழிலாளர்கள் தெரிவு செய்த குழுவின் கணக்குக்குப் போகும், பிள்ளைகளின் படிப்புக்கோ, வீட்டுக்கோ, மருந்துக்கோ எதற்குச் செலவழிப்பது என்று அவர்களே முடிவெடுப்பார்கள். இதைவிடப் பிரசவ விடுமுறை, கையுறை முகக்கவசம், மருந்தடித்த கூடாரத்துக்குள் குறிப்பிட்ட நேரம் போகும்வரை ஆளை விடக்கூடாது, சங்கம் சேர்வதைத் தடுக்கக்கூடாது என்று நிறைய விதிகள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் மாமி சொல்லாத, அவருக்கும் தெரிந்திராத சில சங்கதிகளும் உண்டு. கோப்பிக்கு இருக்கிற மாதிரிப் பூவுக்கு ஆகக்குறைந்த விலை என்று ஒன்று அந்த முத்திரையில் இல்லை. அந்த 10 வீதமும் முத்திரையோடு விற்கிற பூவுக்கு மட்டும்தான். ஒரு தோட்டம் முத்திரை வாங்கியிருந்தாலும் அதன் பூவில் ஒரு பங்குதான் அப்படி விற்பனையாகும், மிச்சம் சாதாரணப் பூவாக ஏலத்துக்குப் போகும், அதை வெட்டினதும் அதே பெண்தான். சம்பளத்துக்கு ஒரு அடிக்கோடு போட்டதே 2017இல்தான். அந்தக் கோடும் எது என்றால் உலக வங்கியின் வறுமைக் கோடு, அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.90 டொலர் என்று அப்போது இருந்த கணக்கு. எத்தியோப்பியாவில் தனியார் துறைக்கு அந்த நேரம் சட்டப்படி ஆகக்குறைந்த சம்பளமே இருக்கவில்லை, அந்த இடத்தில் இந்தக் கோடு பெரிய விஷயம்தான். என்றாலும் வறுமைக் கோட்டைத் தாண்டினால் போதும் என்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

முத்திரை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதற்கு நைவாஷாவிலேயே ஒரு கதை இருக்கிறது. அங்கே முத்திரையோடு இருந்த மிகப் பெரிய ரோசாத் தோட்டம் ஒன்றைப் பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி என்ற நிறுவனம் 2007இல் வாங்கியது. 2014இல் அது கடனில் மூழ்கி வங்கி தன் ஆளைப் பொறுப்புக்கு நியமிக்கிற நிலைக்கு வந்தபோது, தொழிலாளர்கள் சம்பள நிலுவைக்காக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஐரோப்பாவில் கடைகள் பூட்ட, ஆல்ஸ்மேரில் பூவை மலை மலையாகக் கொட்டி அழித்தார்கள். பூக் கொட்டின படத்தைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள், கென்யாவில் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்கள் எத்தனை பேர் கண்ணில் பட்டார்கள்?

சரி, இனி எங்கள் கடை.

முத்திரை இங்கே வராது. எங்கள் ஊர்க் கடைக்கு யாரும் வந்து ஆய்வு செய்யப் போவதில்லை. ஆனால் அந்த முத்திரை கேட்கிற கேள்விகளை நாங்களே கேட்கலாம் தானே. யார் வளர்த்தது, நிறை சரியாகப் போட்டீர்களா, கட்டினவருக்கு என்ன கொடுத்தீர்கள், இரவு வேலைக்குத் தனியாகக் கொடுத்தீர்களா, மருந்து அடித்த பூவை யார் கையால் தொடுகிறார்கள். நான் கேட்டேன். இந்தக் கடையின் பெரிய நல்ல விஷயம், கேட்டதற்கு எல்லாம் பதில் வந்தது. சந்தைப் பக்கக் கடையில் "உங்களுக்கு மாலைதானே வேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மல்லிகையும் நந்தியாவட்டையும் துளசியும் அக்கம்பக்க வீட்டு வளவுகளில் இருந்து வருகிறது. வட்டக்கச்சிப் பக்கம் இரண்டு வீடு, பரந்தன் பக்கம் சில வீடு, எல்லாம் கிணற்றுத் தண்ணியில் வளர்கிற பத்திருபது பற்றை. மல்லிகை இரவில் விரிகிற பூ, மாலைக்கு மொட்டாகத்தான் வேண்டும், ஆகவே அது விரிய முதல் பிடுங்கிக் கொண்டுவர வேண்டும். பிடுங்குகிறவர்கள் எல்லாரும் பெண்கள், சிலர் வீட்டில் ஆம்பிளை இல்லை, அது ஏன் என்று வன்னியில் விளக்கத் தேவையில்லை. கடை வாசலில் அவர்கள் கண் முன்னாலேயே நிறுத்து, அன்றன்றே காசு. வடக்கில் மரக்கறிச் சந்தைகளில் 10 வீதக் கழிவு என்று விவசாயியிடம் பிடுங்குகிற பழக்கத்தைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டோம், நூறு கிலோ கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் காசு. அதே பழக்கம் பூவிலும் இருக்கிறது. "ஈரம் இருக்கு, காம்பு இருக்கு" என்று சொல்லிக் கழிப்பார்கள், பிறகு அதே பூவுக்குத் தாங்களே தண்ணி தெளித்து விற்பார்கள். இந்தக் கடையில் கழிவு இல்லை. பூக் கொண்டுவந்த ஒரு தங்கச்சியிடம் தனியாகக் கேட்டேன், "கழிக்கிறேல்லை, ஆனா மழை நாளில எடுக்கமாட்டா" என்றாள். சுவிஸில் 10 வீதம் மேலே கொடுக்கிறார்கள், எங்கள் சந்தையில் 10 வீதம் கீழே வெட்டுகிறார்கள். அக்காவின் கடை நடுவில் நிற்கிறது, கொடுக்கவும் இல்லை வெட்டவும் இல்லை. வன்னிக் கணக்கில் அதுவே பெரிய புள்ளி.

மாலை கட்டுகிறவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். கடையில் நிரந்தரமாக இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள், பொக்கே கட்டுவது, தொலைபேசி எடுப்பது, கணக்கு. அவர்களுக்கு மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதியும் கட்டுகிறார், சம்பளச் சீட்டை ஒரு பிள்ளையே எடுத்துக் காட்டினாள். தனியார் துறையில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ஆகிவிட்டது, அதற்கு மேல்தான் கொடுக்கிறார், ஆனால் மிக மேல் இல்லை. மாலை கட்டுகிற மூன்று பெரியம்மாக்கள் வேறு கணக்கு. அவர்களுக்கு மாலைக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி. முகூர்த்த நாளுக்கு முதல் இரவு விடிய விடிய இருந்து கட்டுவார்கள், அந்த இரவுக்குக் கூலி ஒன்றரை மடங்கு, சாப்பாடு, விடியப்புறம் ஓட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விடுவது. இது நல்லது, மெய்யாகவே நல்லது, நாரில் கட்டின மாலைக்கு 6,000 கூடப் போவது எங்கே என்று எனக்கு விளங்கினது இந்த இடத்தில்தான். நைலோன் நூலில் ஊசியால் கோர்த்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை, நாரில் அரை இரவைத் தின்கிறது.

ஆனால் அவர்களுக்குச் சேமலாப நிதி இல்லை. அக்காவைக் கேட்டால், "அவையள்தான் வேண்டாம் எண்டினம், கையில காசாத் தா எண்டினம், கிழமைக்கு லோன் கட்டோணும் எல்லே" என்கிறார். பொய்யில்லை. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற ஊரில், வயது போன காலத்தில் கிடைக்கப்போகிற காசைப் பற்றி ஆர் யோசிப்பார். ஆனாலும் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது, துண்டுக் கூலி, நாட்கூலி, தற்காலிகம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் கட்ட வேண்டும்: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். தொழிலாளி "வேண்டாம்" என்று சொன்னாலும் முதலாளியின் பொறுப்பு போகாது. இருபது வருஷம் மாலை கட்டின ஒரு அம்மாவின் விரல் மடங்காமல் போகிற நாளில் அந்தக் காசுதான் அவரிடம் மிஞ்சியிருக்கும். இதற்கு ஒரு புள்ளி வெட்டினேன், அக்காவிடம் சொல்லித்தான் வெட்டினேன். "நீ கலியாணத்துக்குப் பேரம் பேசி 2,000 குறைச்சனி எல்லே, அதுக்குள்ளதான் அந்தக் காசும் இருந்தது" என்று திருப்பி அடித்தார். பேரம் பேசினது மாமி என்று சொன்னேன். நம்பவில்லை.

இப்போது ரோசாவுக்கு வருவோம். பொக்கே பார்வைக்கு வடிவு, அதில் குறை சொல்ல முடியாது, கட்டின பிள்ளைக்கு நல்ல கை. ஆனால் வரவேற்பு முடிய முதலே நாலைந்து பூ கழுத்து முறிந்து தொங்கிவிட்டது, அடுத்த நாள் பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. காரணம் கடை மட்டுமில்லை. ரோசா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் இருந்து பெட்டியில் அடைத்து இரவு லொறியில் வருகிறது. குளிரில் வளர்ந்த பூ, வரும் வழியில் குளிரூட்டி கிடையாது, வவுனியா தாண்டும்போதே பாதி உயிர் போய்விடும். கடையில் ஒரு பழைய சோடாப் போத்தல் பிரிட்ஜுக்குள் வாளியோடு வைத்திருக்கிறார்கள், மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. ஒரு தண்டு 300 ரூபாய் என்று வாங்குகிற பூ இரண்டு நாள்கூட நிற்கவில்லை என்றால் விலை நியாயமில்லை.

அந்த ரோசாவை யார் வெட்டினார்கள் என்ற கேள்விக்குத்தான் அக்காவிடம் பதில் இருக்கவில்லை. கொழும்பு மொத்தக்காரர் எடுக்கிறார், அவர் பல இடத்தில் எடுக்கிறார், பெட்டியில் பெயர்கூட இல்லை. பதில் வந்தது மூலையில் இருந்து நார் கிழித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இருந்து. அவரின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து தருமபுரம் பக்கம் குடியேறினது, வன்னியில் அப்படி வந்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கேயே நின்றுவிட்ட தங்கச்சியின் மகள் இப்போது வெலிமடைப் பக்கம் ஒரு பூக்கூடாரத்தில் வேலை. ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், கூப்பிட்ட நாளுக்கு மட்டும். சட்டப்படி நாட்சம்பளம் 1,200 இருக்க வேண்டும். சேமலாப நிதி இல்லை, மருந்தடித்து விட்டுக் கூடாரத்தின் பக்கத் திரையைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே போகச் சொல்வார்களாம், தலையிடி வரும், பழகிவிடும் என்று அந்தப் பிள்ளை சொன்னாளாம். அம்மா இதைச் சொன்னது முறைப்பாடாக இல்லை, அங்கே மழை பெய்கிறதா என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நைவாஷாவைப் பற்றி மாமி சொன்னதைக் கேட்டு "அங்கையும் அப்பிடியோ" என்றார், அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். பூவை யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் ஐரோப்பாவில்கூட மரக்கறி, பழத்துக்கு இருக்கிற மாதிரி வெட்டுப்பூவுக்கு மருந்து எச்ச எல்லை வைக்கவில்லை. பெல்ஜியத்தில் பூக்கடைக்காரருக்குப் பஞ்சுக் கையுறை கொடுத்து வேலை செய்யவிட்டுப் பிறகு அதைச் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மருந்து வகைகள் அதில் இருந்தன. இந்தக் கடையில் ரோசாவின் முள்ளையும் இலையையும் அந்தப் பிள்ளைகள் வெறுங்கையால் உருவுகிறார்கள், உருவிவிட்டு அதே கையால் ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள். இதைப் பார்த்து எனக்கு உண்மையில் பயம் வந்தது. கையுறை ஒரு சோடி பெரிய விலையில்லை. அக்காவிடம் சொன்னேன், "முள்ளுக் குத்தினா தெரியோணும், கையுறை போட்டா பூ நசியும்" என்கிறார். நசியட்டுமே. இதற்கு இன்னொரு புள்ளி போச்சு.

பெப்ரவரி 14 பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த முறை அன்று போய் நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் காதலர் தினத்தைப் பகிடி பண்ணுகிறவர்களும் பின்னேரம் ஒளித்துப் பிடித்து ஒரு ரோசா வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அன்று ஒரு தண்டு 700 வரை போனது. கூடின 400 யாரிடம் போனது என்று கேட்டேன்: மொத்தக்காரர் பெட்டி விலையை இரண்டு மடங்காக்கியிருக்கிறார், லொறிக்காரர் கொஞ்சம், கடை கொஞ்சம். வெலிமடைப் பிள்ளைக்கு அந்தக் கிழமையும் அதே 1,000 தான், இருட்டும்வரை வேலை. கொலம்பியாவில், நெதர்லாந்துக்கு அடுத்த பெரிய பூ ஏற்றுமதி நாடு அது, பூத்தோட்டத் தொழிலாளர்கள் அதே பெப்ரவரி 14ஐத்தான் தங்கள் நாளாக அனுசரிக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பூ அனுப்புகிற அந்தப் பருவத்தில்தான் அவர்களுக்கு நாரி முறிகிற வேலை. நல்ல நாளைத்தான் தெரிவு செய்திருக்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள். மணவறைச் சோடினையில் பாதி பிளாஸ்ரிக் பூ, இதை முதலே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தூரத்துக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும். மேசைச் சாடிக்குள் அந்தப் பச்சைப் பஞ்சுக் கட்டியை வைக்கிறார்கள், அது உக்காது, அடுத்த முறை வெறும் தண்ணியில் வைக்கச் சொல்லுங்கள், வைப்பார்கள். கார்ப் பூ அரை மணித்தியாலம் பிந்தி வந்தது, மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்க்க ஏலாது. பாடசாலை விழா, பரிசளிப்பு என்று பிரதம விருந்தினர் மாலைகள்தான் இந்தக் கடையின் உண்மையான வருமானம் என்று அக்கா சொல்கிறார். ஒரு விழாவுக்கு எட்டு மாலை, போட்ட கையோடு கழற்றி மேசையில் வைத்துவிடுகிற மாலை, அதற்கும் ஒரு அம்மா இரவில் இருந்து நார் முடிந்திருக்கிறார். பொன்னாடைக்கு மாறுகிற பாடசாலைகளைப் பற்றி அக்காவுக்குக் கடும் கோபம். எனக்கு அதில் இரண்டு பக்கமும் விளங்குகிறது.

கார்த்திகைப்பூ இந்தக் கடையில் இல்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. மாமி மட்டும், ஐரோப்பாவில் அதைத் தண்டுக்கு இவ்வளவு என்று கடையில் விற்கிறார்கள், இங்கே மழைக்குப் பிறகு வேலியில் சும்மா படர்கிறது என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் கொடி கிழங்கில் இருந்து நுனிவரை நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாடியில் வைக்காதீர்கள்.

இலங்கையில் இருந்து வெளிநாட்டுக்குப் போவதில் பெரும்பகுதி பூவே இல்லை, அலங்கார இலையும் செடிகளும்தான். அதை வாங்குகிற ஐரோப்பாக்காரர் கேட்டால் தோட்டக்காரர் பதிவு காட்டுவார், சம்பளச் சீட்டுக் காட்டுவார். உள்ளூருக்கு விற்கிற பூவுக்கு அந்தக் கேள்வியே வருவதில்லை, நாங்கள் கேட்காததால்தான் வருவதில்லை. அக்கா இப்போது மொத்தக்காரரிடம் எந்தத் தோட்டத்துப் பூ என்று பெட்டியில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அவர் என்ன சொன்னார் என்றால், "தங்கச்சி, உனக்குப் பூ வேணுமோ விலாசம் வேணுமோ" என்றாராம். அடுத்த கிழமை இரண்டு பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருந்ததாம், மிச்சத்தில் இல்லை. இரண்டு பெட்டி என்றாலும் வந்ததே.

புள்ளி போடச் சொன்னால், மாலைக்கு ஐந்துக்கு ஐந்து. கடையை நடத்துகிற விதத்துக்கு ஐந்துக்கு மூன்று, சேமலாப நிதியும் கையுறையும் வந்தால் மாற்றி எழுதுவேன். ரோசாவுக்கு ஐந்துக்கு இரண்டரை, அந்த அரையும் கட்டின பிள்ளையின் கைக்கு. ஓடர் கொடுக்கிறவர்களுக்கு: முகூர்த்தத்துக்குப் பத்து நாளாவது முந்திச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் அந்த அம்மாக்கள்தான் இரண்டு இரவு முழிக்க வேண்டும். பாதிக் காசு முற்பணம். இரவுக் கூலியைப் பில்லில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். வரவேற்புக்கு ரோசாவுக்குப் பதிலாக ஊர்ப் பூவில் ஒரு செண்டு கேட்டுப் பாருங்கள், வெள்ளை நந்தியாவட்டையும் மல்லிகையும் துளசியும் வைத்து ஒன்று கட்டிக் காட்டினார், 2,500 ரூபாய், ரோசாப் பொக்கேயின் அரைவாசி விலைகூட இல்லை. செவ்வாயும் வெள்ளியும் கோவில் ஓடர் கூட என்பதால் காலையில் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பின்னேரம் போங்கள்.